ரெதாங்கோத் தைக்கப் போகிறீர்களா? 1787 பாரிஸின் கோட்டுக் கவுனுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

என் முதல் ரெதாங்கோத்தை நான் கோட்டாக நினைத்துத் தைத்தேன். அதனால்தான் அது சரியாக வரவில்லை. உள்ளே கெட்டியான கேன்வாஸ், தோளுக்குப் பேட், முழுக்க லைனிங் என்று ஆண்களின் கோட்டுக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்து முடித்துப் போட்டுப் பார்த்தால், தோள் பெட்டி மாதிரி நிற்கிறது, இடுப்பில் துணி திரண்டு நிற்கிறது, பின்பக்கம் பாவாடை விரிய மாட்டேன் என்கிறது. அப்புறம் பழைய படங்களை ஒவ்வொன்றாக மறுபடி எடுத்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. இது கோட்டு வேஷம் போட்ட கவுன். பாடி (இடுப்புக்கு மேலே உள்ள பகுதி), முதுகுத் தையல், பாவாடைக் கொசுவம் எல்லாம் கவுனுடையவை. காலர், லேப்பல், பட்டன், நீளக்கை மட்டும் ஆண்களின் கோட்டிலிருந்து வாங்கியவை. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வழிக்கு வரும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம். ஆங்கிலேயர் 'ரைடிங் கோட்' என்றதைப் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'ரெதாங்கோத்' ஆக்கிக்கொண்டார்கள். முதலில் அது ஆண்களின் உடை. மழையிலும் குதிரைப் பயணத்திலும் மேலே போட்டுக்கொள்கிற கனமான கோட்டு, தோளில் அடுக்கடுக்காகக் காலர், தண்ணீர் வழிந்து ஓடுவதற்காக. 1780-களில் பாரிஸுக்கு ஆங்கில மோகம் தலைக்கேறியிருந்தது. குதிரைப் பந்தயம், ஆங்கிலத் தோட்டம், ஆங்கிலத் துணி எல்லாம் நாகரிகம் ஆயின. 1786-ல் இரு நாடுகளுக்கும் வணிக ஒப்பந்தமே கையெழுத்தானது. அந்த அலையில்தான் பெண்களும் இந்தக் கோட்டின் தோற்றத்தை எடுத்துத் தங்கள் கவுனில் வைத்துக்கொண்டார்கள். மழைக்கான அடுக்குக் காலர் பட்டில் தைக்கப்பட்டு வெறும் அழகுக்காகத் தோளில் உட்கார்ந்தது.

படத்தில் ரெதாங்கோத்தை அடையாளம் காண்பது எப்படி? உடம்பைப் பிடித்த பாடி, மணிக்கட்டு வரை இறுக்கமான நீளக்கை, தோளில் விழும் பெரிய காலர் (ஒன்று, இரண்டு, சிலதில் மூன்று அடுக்கு), மார்பில் இரண்டு பக்கமும் திரும்பிய லேப்பல், பெரிய பெரிய பட்டன்கள், முன்பக்கம் திறந்து உள்பாவாடையைக் காட்டும் நீளமான கீழ்ப்பகுதி. இதில் முழங்கையோடு நிற்கிற கையும் அதன் கீழே தொங்கும் லேஸும் இருந்தால் அது ரெதாங்கோத் இல்லை. முதுகில் கழுத்திலிருந்து தரை வரை அகலமான மடிப்புகள் தொங்கினாலும் இல்லை. அது ரோப் ஆ லா ஃபிரான்சேஸ், ஒரு தலைமுறை முந்தைய மரியாதை உடை.

முதலில் வருடத்தைத் தீர்மானியுங்கள்

ரெதாங்கோத் என்ற பெயர் நூறு வருடத்துக்கு மேல் ஓடியது, ஆனால் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது. 1795-க்குப் பிறகு இடுப்புக்கோடு மார்புக்குக் கீழே ஏறிவிட்டது. அந்த ரெதாங்கோத் வேறு உடை, வெட்டும் வேறு. இங்கே நான் சொல்வது 1786 முதல் 1790 வரையிலானது, இடுப்பு இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும் வகை. '18-ம் நூற்றாண்டு உடை' என்று பொத்தாம் பொதுவாகத் தொடங்காதீர்கள். ஒரு வருடத்தைச் சொல்லுங்கள். நான் 1787 என்று வைத்துக்கொள்வேன்.

அந்த வருடம் எனக்குப் பிடிக்க இன்னொரு காரணமும் உண்டு. 1787-ல்தான் திப்பு சுல்தானின் மூன்று தூதர்கள் புதுச்சேரியில் கப்பலேறிப் பிரான்சுக்குப் புறப்பட்டார்கள். 1788 கோடையில் பாரிஸ் போய்ச் சேர்ந்தார்கள், ஆகஸ்டில் வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். அவர்களைப் பார்க்க ஊரே திரண்டது. விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் அவர்களில் ஒருவரான முகம்மது தர்வேஷ் கானை ஆள் உயரத்துக்கு வரைந்தார். மேகம் மாதிரி வெள்ளை மஸ்லின் அங்கியும் கையில் வாளுமாக அவர் நிற்கும் படம் அது. அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் ரெதாங்கோத்தில் வந்திருப்பார்கள் என்று தைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

படம் பார்ப்பதற்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள்

அந்நாளில் பாரிஸில் படத்தோடு வந்த ஃபேஷன் இதழ்தான் நமக்குப் பெரிய சொத்து. 1785 நவம்பரில் 'காபினே தெ மோத்' என்ற பெயரில் தொடங்கி, ஒரு வருடத்தில் 'புதிய பிரெஞ்சு, ஆங்கில ஃபேஷன்களின் இதழ்' என்ற பொருளில் பெயரையே மாற்றிக்கொண்டது. தலைப்பிலேயே ஆங்கிலம் ஏறிவிட்டது, பாருங்கள், மோகம் எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். 1789 கடைசி வரை வந்தது. கையால் வண்ணம் தீட்டிய அதன் தகடுகளை, அதாவது செதுக்கிய தகட்டில் அச்சடித்த படங்களை, பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1778 முதல் 1787 வரை வந்த 'கலெரி தெ மோத்' தகடுகளும் உண்டு. இவை இரண்டும் போதும்.

தகட்டில் இருப்பது வரைந்தவரின் கற்பனையும் கலந்தது. தையல் எங்கே ஓடுகிறது, எங்கே முடிகிறது என்று அது சொல்லாது. அதற்கு எஞ்சியிருக்கும் உடைகளைப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கலை அருங்காட்சியகத்தில் 1790 வாக்கில் தைத்த ரெதாங்கோத் ஒன்று இருக்கிறது, பட்டும் பருத்தியும் சேர்ந்த சாட்டின். படத்தைப் பெரிதாக்கிக் காலர் கழுத்தில் எப்படி உட்காருகிறது, பாவாடை பாடியோடு எங்கே சேருகிறது என்று பாருங்கள். ஒரு நோட்டில் நீங்களே வரையுங்கள், அழகாக வர வேண்டியதில்லை. கை வரையும்போதுதான் கண் பார்க்கும்.

சினிமாவையும் வாடகை உடைக் கடைகளையும் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். முதுகில் ஜிப், பாலியெஸ்டர் சாட்டின், தோள் பேட் என்று தப்பான இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

உள்ளே போடுவது இல்லாமல் வெளியே அளவெடுக்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. வெளி உடையின் வடிவம் முழுக்க உள்ளே இருப்பதில்தான் நிற்கிறது.

உடம்போடு ஒட்டி ஷெமீஸ், முழங்கால் வரை வரும் வெள்ளை லினன் சட்டை. பருத்தியில் தைத்தால் தப்பில்லை, வியர்வையை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். அதன் மேல் ஸ்டேஸ், அதாவது எலும்பு வைத்துத் தைத்து இறுக்கிக் கட்டும் உள்கச்சு. இதை 19-ம் நூற்றாண்டுக் கார்செட்டோடு போட்டுக் குழப்ப வேண்டாம். கார்செட் இடுப்பை நெரித்து மணற்கடிகார வடிவம் தரும். ஸ்டேஸ் உடம்பைத் தலைகீழ்க் கூம்பாக ஆக்கும், மார்பை உயர்த்தித் தோளைப் பின்னால் இழுக்கும். அந்தக் காலத்தில் திமிங்கல எலும்பும் பிரம்பும் வைத்தார்கள். நமக்கு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் தடித்த கேபிள் டை போதும். நுனியை வெட்டி, உரசி மழுக்கிவிட்டு உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். 1780-களின் ஸ்டேஸில் எலும்பு நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை, இடைவெளி விட்டு வைக்கலாம். மூச்சு விட முடியவில்லை என்றால் கட்டியது தப்பு, தளர்த்துங்கள்.

அப்புறம் பின்பக்கத் திண்டு. பிறை வடிவத்தில் ஒரு தலையணை தைத்து, பஞ்சோ வெட்டுத் துணியோ திணித்து, நாடாவால் இடுப்பில் கட்டிக்கொள்வது. 1787-ன் அடையாளமே இதுதான். முன்பு பாவாடையைப் பக்கவாட்டில் அகலமாக்கியவர்கள் இப்போது பின்னால் தள்ளினார்கள். அதன் மேல் ஒரு உள்பாவாடை, அதற்கும் மேல் வெளியே தெரியும் அழகான உள்பாவாடை. இந்த வெளிப் பாவாடையை மறந்துவிடாதீர்கள், கவுன் முன்பக்கம் திறந்திருப்பதால் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது இதுதான்.

இவ்வளவும் போட்டுக்கொண்டு, யாராவது ஒருவரை உதவிக்கு வைத்துக்கொண்டு, இஞ்ச் டேப்பை எடுங்கள். மார்பு, இடுப்பு, முதுகு அகலம், கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை முதுகு நீளம், கை நீளம் (முழங்கையை மடக்கி வைத்து), மணிக்கட்டுச் சுற்று. பாவாடைக்கு மட்டும் நான்கு இடத்தில் எடுக்க வேண்டும்: இடுப்பிலிருந்து தரை வரை முன்னால், இரண்டு பக்கமும், திண்டின் மேலே ஏறி இறங்கிப் பின்னால். பின்னால் எடுப்பது நான்கைந்து இஞ்ச் அதிகமாக வரும். வர வேண்டும்.

துணி

பட்டு முதல் தேர்வு. டஃபெட்டா மாதிரி மொடமொடப்பான பட்டு, அல்லது சாட்டின். குளிருக்கு மென்மையான கம்பளித் துணியிலும் தைத்தார்கள். நிறம் ஒன்றே ஒன்று, அல்லது கோடு. 1787 வாக்கில் கோடு போட்ட துணி மேல் பாரிஸுக்குப் பெரும் பைத்தியம், வரிக்குதிரையின் பெயரையே சில கோடுகளுக்கு வைத்தார்கள். முதல் முறை தைக்கிறவர்கள் கோடு போட்ட துணியை எடுக்க வேண்டாம் என்பேன். முதுகுத் தையலில் கோடுகள் வி வடிவில் சந்திக்க வேண்டும், அரை இஞ்ச் தள்ளிப்போனாலும் அங்கேதான் எல்லார் கண்ணும் போகும்.

பட்டுக்குப் பணம் இல்லை என்றால் குஜராத்தில் நெய்யும் மஷ்ரூவைத் தேடிப் பாருங்கள். மேல்முகம் பட்டு, அடி பருத்தி, சாட்டின் நெசவு. பட்டு பருத்தி சாட்டின் என்று மேலே சொன்ன அருங்காட்சியக உடைக்குப் பக்கத்தில் வரக்கூடிய துணி. வாங்கும்போது மேல்முகம் உண்மையிலேயே பட்டா, ரேயானா என்று கேட்டு வாங்குங்கள். மெல்லிய கம்பளியும் தைக்கச் சுலபம், இஸ்திரிக்குப் பணியும். பாலியெஸ்டர் சாட்டின் வேண்டவே வேண்டாம், மடிப்பு நிற்காது, வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி பளபளக்கும்.

பூப்போட்ட அச்சுப் பருத்தியில் தைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள், குறிப்பாகக் கலம்காரி பிடித்தவர்கள். கேள்வி நியாயமானதுதான். சோழமண்டலக் கரையிலிருந்து போன வண்ணத் துணிகள் பிரான்சைக் கலக்கியவை. உள்ளூர் பட்டு, கம்பளித் தொழில் பாதிக்கப்படுகிறது என்று 1686-ல் தடையே போட்டார்கள், 1759-ல்தான் நீக்கினார்கள். அடுத்த வருடமே ஒபர்காம்ஃப் என்பவர் ஜூயி என்ற ஊரில் பிரெஞ்சு அச்சுத் துணி ஆலையைத் தொடங்கினார். ஆனாலும் ரெதாங்கோத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இந்த உடையின் அழகு வெட்டில் இருக்கிறது. காலரின் விளிம்பு, லேப்பலின் மூலை, பட்டன் வரிசை இவை கண்ணில் பட வேண்டும். பூ வந்தால் கோடு மறையும். அந்தத் துணியை ஒரு சாதாரண கவுனுக்கோ குட்டை ஜாக்கெட்டுக்கோ வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அது ராஜா.

எவ்வளவு துணி? நடுத்தர உடம்புக்கு, 44 இஞ்ச் அகலத் துணி என்றால், கவுனுக்கு 7 மீட்டர், வெளிப் பாவாடைக்கு 2.5 மீட்டர், பாடி லைனிங்குக்கு லினனோ கெட்டிப் பருத்தியோ 2 மீட்டர் எடுப்பேன். அந்நாளைய பட்டு சுமார் அரை ஓன் அகலம்தான் நெய்யப்பட்டது. பாரிஸின் ஓன் என்ற அளவு ஏறக்குறைய 119 சென்டிமீட்டர், அதில் பாதி என்றால் நம் துணியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் பழைய பாவாடைகளில் அத்தனை இணைப்புத் தையல். நமக்கு அந்தத் தொல்லை குறைவு.

காடாத் துணியில் ஒரு ஒத்திகை

நல்ல துணியில் நேராகக் கத்திரிக்கோலை வைக்காதீர்கள். காடாத் துணியில் பாடியை மட்டும் வெட்டி, தற்காலிகத் தையல் போட்டு, ஸ்டேஸின் மேல் போட்டுப் பாருங்கள்.

பின்பாகம் நான்கு துண்டு. நடுவில் இரண்டு ஒல்லியான துண்டுகள், அவற்றின் நடுத் தையல் கழுத்திலிருந்து நேராக இறங்கும். பக்கத்தில் இரண்டு துண்டுகள், அவற்றின் தையல் ஆர்ம்ஹோலின் பின்பக்கத்தில் தொடங்கி, வளைந்து, இடுப்புக்கு வரும்போது நடுவை நெருங்கிவிடும். இடுப்பில் நடுத் துண்டு ஒவ்வொன்றும் ஒரு இஞ்ச் அகலம்கூட இருக்காது. முதுகு முனை இடுப்புக்குக் கீழே இரண்டு இஞ்ச் கூராக இறங்கட்டும். முன்பாகம் பக்கத்துக்கு ஒரே துண்டு, டார்ட் (உடம்போடு ஒட்ட வைக்கப் பிடிக்கிற மடிப்புத் தையல்) கிடையாது. ஸ்டேஸ் உடம்பை வழவழப்பாக்கிவிடுவதால் டார்ட்டுக்கு வேலையே இல்லை. டார்ட் வேண்டும் போலத் தோன்றினால் ஸ்டேஸ் சரியாகக் கட்டவில்லை என்று பொருள்.

ஆர்ம்ஹோலைச் சின்னதாக வையுங்கள். அக்குளை ஒட்டி மேலே வர வேண்டும். நாம் பழகிய சட்டையில் கை தூக்க வசதியாக ஆர்ம்ஹோல் பெரிதாக இருக்கட்டும் என்று நினைப்போம். உண்மையில் அது நேர்மாறாக வேலை செய்கிறது, பெரிய ஆர்ம்ஹோல் என்றால் கையைத் தூக்கும்போது மொத்தப் பாடியும் மேலே வரும். தோள் தையல் தோளின் உச்சியில் இருக்காது, கொஞ்சம் பின்னால் தள்ளி இருக்கும். போட்டுப் பார்த்து, இழுக்கிற இடத்தில் குண்டூசி குத்தி, மறுபடி வெட்டி, மறுபடி போட்டு, குறைந்தது மூன்று சுற்று. இந்த இடத்தில் செலவழிக்கிற ஒரு நாள் பின்னால் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

பாடியும் கையும்

கையால்தான் தைக்க வேண்டுமா? தையல் இயந்திரத்துக்கு பார்த்தெலெமி திமோனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் காப்புரிமை வாங்கியது 1830-ல். ஆக நம் உடை முழுக்கக் கைத்தையல் காலத்தது. உள்ளே மறையும் நீளத் தையல்களை மிஷினில் ஓட்டுங்கள், குற்றம் இல்லை. வெளியே தெரிகிற விளிம்பு எல்லாம் கையால் போடுங்கள். மிஷின் தையல் விளிம்பில் ஓடினால் ஒரே பார்வையில் காலம் மாறிவிடும்.

பின்பாகத் துண்டுகளை வெளித்துணி, லைனிங் இரண்டையும் ஒன்றாக வைத்து, அரை இஞ்ச் விட்டு, நெருக்கமான பின் தையலில் (ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு அடி பின்னால் போய்வரும் கைத்தையல்) சேருங்கள். முன்பாக விளிம்பில் இரண்டு துணியையும் உள்பக்கமாக மடித்து, உள்பக்கத்தோடு உள்பக்கம் சேர்த்து வைத்து, விளிம்பை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டுத் தையல். இதுதான் அந்தக் காலத்து விளிம்பு. மேலே புள்ளி புள்ளியாகத் தெரியும், தெரியட்டும்.

கை முழங்கையில் வளைந்த வடிவில் வெட்டப்பட வேண்டும். நேர்க்குழாயாக வெட்டினால் மடக்கவே முடியாது. மணிக்கட்டில் ஒரு சின்னத் திறப்பும் இரண்டு பட்டனும். கையைப் பாடியில் பொருத்துகிற முறைதான் புதியவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். அக்குள் பாதியை மட்டும் முதலில் பின் தையலில் சேருங்கள். மேல் பாதியைத் தோள் லைனிங்கின் மேலே படுக்க வைத்து, மிச்சத் துணியைச் சின்ன மடிப்புகளாக அமுக்கி, அங்கேயே தைத்துவிடுங்கள். கடைசியில் அதன் மேல் வெளித்துணியில் ஒரு தோள்பட்டை வைத்து மூடிவிடுவது. ஆளின் மேலேயே வைத்துப் பொருத்துவதால் ஒவ்வொருவர் தோளுக்கும் சரியாக உட்காரும். ஒருமுறை செய்து பாருங்கள், நம் வழக்கமான முறைக்குத் திரும்ப மனசு வராது.

பாவாடை

44 இஞ்ச் அகலத்தில் மூன்று துண்டுகளைப் பக்கவாட்டில் சேருங்கள், முன்னால் திறந்திருக்கும். கீழ்விளிம்பைத் துணியின் நேர் நூலிலேயே வையுங்கள், நீளத்தை எல்லாம் மேலே, இடுப்பில் சரிசெய்யுங்கள். அதாவது பின்பக்கம் முழு நீளம், முன்னால் வர வர மேல்விளிம்பைச் சரிவாக வெட்டிக் குறைப்பது. நாம் பழகியது இதற்கு நேர் எதிர், கீழே வெட்டி வட்டமாக்குவது. அப்படிச் செய்தால் திண்டின் மேல் பாவாடை பின்னால் தூக்கிக்கொள்ளும்.

கொசுவம் சின்னதாக, கால் இஞ்ச் அரை இஞ்ச் மடிப்புகளாக, எல்லாம் முதுகு நடுவைப் பார்த்து. முன்பக்கம் நான்கைந்து இஞ்ச் மடிப்பில்லாமல் தட்டையாக விடுங்கள். பின்னால் தரையில் ஒரு சாண் இழுபடும் அளவுக்கு நீளம் விட்டால் அழகு, நடக்கப் போகிறீர்கள் என்றால் தரையைத் தொட்டாலே போதும். கீழ்விளிம்பின் உள்பக்கம் இரண்டு இஞ்ச் பட்டுப் பட்டி வைத்துத் தையுங்கள், தரையில் உரசித் தேய்வது அந்தப் பட்டியாக இருக்கட்டும், நாளைக்கு அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

காலர்: உடையின் முகம் இதுதான்

மற்றதில் ஒன்றிரண்டு தப்பு நடந்தாலும் சமாளிக்கலாம், காலர் கெட்டால் மொத்தமும் கெட்டது. அதனால் இங்கே நிதானமாகப் போங்கள்.

பொதுவாக நடக்கும் தப்பு, காலரை நேர்ப்பட்டியாக வெட்டுவது. நேர்ப்பட்டி கழுத்தைச் சுற்றிச் சுவர் மாதிரி எழுந்து நிற்கும், தோளில் படுக்காது. கழுத்தை ஒட்டும் உள்வளைவு சின்னது, தோளில் விழும் வெளிவிளிம்பு அதைவிட மிக நீளம். எனவே துண்டு வளைந்துதான் இருக்க வேண்டும், பிறைக்கும் அரைவட்டத்துக்கும் நடுவில் ஒரு வடிவம். செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள். கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள், தூக்கினால் வெளிவிளிம்பில் மூன்று நான்கு இடத்தில் கத்திரித்து, அது விரிகிற அளவுக்குக் காகிதத்தை ஒட்டி அகலப்படுத்துங்கள். அலையலையாக வந்தால் அதிகமாகிவிட்டது, அதே இடங்களில் ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிக் குறையுங்கள். பழைய செய்தித்தாள் செலவில்லாதது, நான் ஒரு காலருக்குப் பத்துத் தாள்கூட வெட்டியிருக்கிறேன்.

மூன்று அடுக்கு வேண்டும் என்றால் ஒரே தாளை மூன்று அளவில் வெட்டாதீர்கள். கீழ் அடுக்கு தோள் முனையைத் தாண்டி விழ வேண்டும், நடு அடுக்கு அதிலிருந்து ஒன்றரை இஞ்ச் உள்ளே, மேல் அடுக்கு கழுத்தை ஒட்டி மடிந்து நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் வளைவும் வேறு. முதல் முறை இரண்டு அடுக்கோடு நிறுத்துவது நல்லது.

உள்ளே என்ன வைப்பது? மெல்லிய லினன் கேன்வாஸ், மேல் அடுக்குக்கு மட்டும். பக்ரம் வேண்டாம், ஒட்டுகிற கேன்வாஸும் வேண்டாம். கீழ் அடுக்குகளுக்கு வெளித்துணியும் லைனிங்கும் போதும். அவை அசைய வேண்டும். நடக்கும்போது தோளில் அந்தக் காலர் லேசாக எழுந்து அமர்வதுதான் ரெதாங்கோத்தின் உயிர்.

லேப்பலைத் தனியாக வெட்டி முன்விளிம்பில் சேர்ப்பது புதியவர்களுக்குச் சுலபம். மேல் மூலை கூராகத் தோள் பக்கம் நீளட்டும். காலரும் லேப்பலும் சந்திக்கிற இடத்தில் ஒரு வெட்டு தெரிய வேண்டும், ஆண்களின் கோட்டில் இருப்பது போல. வேறு நிறத்தில் காலரும் லேப்பலும் வைத்தால் அட்டகாசமாக இருக்கும். புரட்சி வந்த பிறகு 1790 வாக்கில் ஃபேஷன் தகடுகளில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றும் உடையிலேயே ஏறிவிட்டன. அந்த வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.

பட்டன்

பெரிது, ஒரு இஞ்சுக்குக் குறையாமல். இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாத்யூ போல்டனின் தொழிற்சாலை போன்றவை பட்டை தீட்டிய எஃகுப் பட்டன்களைச் செய்து தள்ளிய காலம் அது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் வைரம் மாதிரி மின்னுமாம். நமக்கு எஃகு நிறத்தில் தட்டையான உலோகப் பட்டன் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் மரத்தட்டில் அதே துணியைச் சுற்றித் தைத்த பட்டன் எந்தக் குறையும் இல்லாதது. நான்கு ஓட்டை பிளாஸ்டிக் பட்டன் மட்டும் வேண்டாம்.

எல்லாப் பட்டனுக்கும் காஜா போட்டு உடம்பை வருத்திக்கொள்ளாதீர்கள். இரண்டு வரிசையில் ஒன்று வெறும் அலங்காரம்தான். மூடுவதற்கு உள்ளே கொக்கி வைத்துவிடலாம். அந்நாளில் கவுனைக் குண்டூசியாலேயே மூடிக்கொள்வதும் சர்வசாதாரணம். ஸ்டேஸ் நடுவில் இருப்பதால் ஊசி உடம்பில் குத்தாது. காஜா போடுவதானால் கெட்டிப் பட்டு நூலில், கையால்.

போட்டுக்கொள்கிற வரிசை

ஷெமீஸ், காலுறை, காலணி. காலணியை இப்போதே போட்டுவிடுங்கள், ஸ்டேஸ் கட்டிய பிறகு குனிய வராது. பிறகு ஸ்டேஸ், பைகள் (அந்நாளில் பை தனியாக நாடாவில் கோத்து இடுப்பில் கட்டுவது), திண்டு, உள்பாவாடை, வெளிப் பாவாடை, அதன் மேல் ரெதாங்கோத். லேப்பலுக்கு நடுவில் ஆண்களின் வெயிஸ்ட்கோட் மாதிரி ஒரு முன்துண்டு வைப்பதும் அன்றைய வழக்கம், வெள்ளையில் தைத்தால் எடுப்பாக இருக்கும்.

கழுத்துக்கு ஃபிஷு, அதாவது பெரிய சதுர மஸ்லின் துண்டு. குறைந்தது 40 இஞ்ச் சதுரம் எடுத்து, மூலைவாட்டில் மடித்து, கழுத்தைச் சுற்றி, முனைகளை லேப்பலுக்குள் சொருகி, மார்பில் புறா நெஞ்சு மாதிரி உப்பவிடுங்கள். கஞ்சி போடாத, மிக மெல்லிய மஸ்லினாக இருக்கட்டும். அன்று பாரிஸ் கழுத்துகளில் கிடந்த மிக உயர்ந்த மஸ்லின் வங்காளத்திலிருந்து போனது.

தலைமுடியை நேராக விடாதீர்கள், சுருட்டி, பக்கவாட்டில் விரித்து, பின்னால் நீளமாகத் தொங்கவிட வேண்டும். அதன் மேல் அகலமான விளிம்புள்ள உயர்ந்த தொப்பி, ரிப்பன், இரண்டு மூன்று இறகு. கையில் ஒரு தடி அல்லது குளிருக்கு மஃப் (இரண்டு கையையும் நுழைத்துக்கொள்ளும் உறை), இடுப்பில் தொங்கும் கடிகாரச் சங்கிலி. நடைக்கும், பயணத்துக்கும், காலைச் சந்திப்புக்கும் உரிய உடை இது, அரசவைக்குப் போட்டுப் போவது இல்லை. அதனால் வைர நெக்லஸை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஃபிஷுவின் முனையை இன்னொரு முறை சரிசெய்துகொண்டு, தொப்பியை ஒரு பக்கம் சற்றே சாய்த்து ஊசி குத்திக்கொண்டு கிளம்புங்கள்.